பழைய நோட்ஸ் ஆப்பை மூடிட்டானுவ: இனி ஜாப்ளினா, அப்சிடியனா?

சவத்த, நல்லா ஓடிக்கிட்டிருந்த பழைய வெர்ஷன நிறுத்திட்டு புதுச தலையில கட்டிட்டானுவ. பழசு வயக்காட்டுல சிக்னல் இல்லாட்டாலும் டக்குனு தொறக்கும், புதுசு பாபநாசம் பக்கம் போனா சக்கரம் சுத்திக்கிட்டே நிக்கி, போன பிசான நெல் சாகுபடிக்கு என்ன உரம் எப்ப போட்டோம்னு பாக்க ரோட்டுக்கு ஏறி வரணும். எங்க அண்ணாச்சி வேற, "டைரிக்கு அப்டேட் வராதுல்லா"ன்னு சிரிக்காவ.

அதான் வேற ஆப் பாக்கேன், ஜாப்ளின், அப்சிடியன்னு ரெண்டு நோட்ஸ் ஆப் இருக்கு. ரெண்டுமே நெட் இல்லாம ஓடும்.

ஜாப்ளின் இலவசம், ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோடு யாரு வேணாலும் பாக்குத மாதிரி தொறந்து கெடக்கும். டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் எதுல வேணாலும் காசில்லாம சிங்க் பண்ணி போன்லயும் லேப்டாப்லயும் ஒண்ணு போல வச்சுக்கிடலாம், அடுத்தவன் படிக்க முடியாம பூட்டி வைக்க என்க்ரிப்ஷனும் உண்டு. ஆனா நோட்ஸ் எல்லாம் ஒரு டேட்டாபேஸுக்குள்ள கெடக்கும், வெளிய எடுக்கணும்னா எக்ஸ்போர்ட் போடணும்.

அப்சிடியன் ஓப்பன் சோர்ஸ் இல்ல, அவங்க சிங்க்குக்கு காசு கேப்பாங்க, அது கொஞ்சம் கடுப்புதான். ஆனா ஒவ்வொரு நோட்டும் நம்ம ஃபோல்டர்ல தனித்தனி மார்க்டவுன் ஃபைலா இருக்கும், மார்க்டவுன் 2004-லயே வந்த சங்கதி, வெறும் எழுத்துதான், நோட்பேட்ல கூட தொறக்கும், நாளைக்கு இவனும் கடைய மூடிட்டுப் போனாலும் என் உரக்கணக்கு என் கையில இருக்கும்லா. பட்ட பாட்டுக்கு எனக்கு அதுதான் பெருசா தெரியுது, அப்சிடியனுக்கே போறேன்.

போனு, லேப்டாப்புன்னு மாறி மாறி எழுதுதவங்க ஜாப்ளினுக்கே போங்க. எதுக்குப் போனாலும் பழசுல லாகின் இருக்கும்போதே எக்ஸ்போர்ட் எடுத்துருங்க, போட்டோ எல்லாம் வந்துருக்கான்னு தொறந்து பாத்துக்கிடுங்க.