விமான இருக்கைக்கு பஸ் ரெக்சின்: சேலத்தில் நாங்கள் ஏமாந்த கதை, தயவுசெய்து படியுங்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பணம் போனது போகட்டும் என்று மச்சானும் சொன்னார். ஆனால் எங்களை ஏமாற்றிய அதே கடைக்காரர் இப்போது ஒரு பயிற்சி விமானத்தின் இருக்கைகளுக்கும் விலை கொடுத்திருக்கிறார் என்று போன வாரம் கேள்விப்பட்டேன். அதில் உட்காரப் போவது இருபது வயதுப் பிள்ளைகள். அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் விமானம் 1974இல் தயாரான செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். நானும் மச்சானும் சேர்ந்து வாங்கியது. விமானம் நிற்பது வெளியூரில், நாங்கள் இருப்பது சேலத்தில். அத்தனை வருட வெயிலில் கூரைத் துணி தொங்கிப் போயிருந்தது. பக்கத்துப் பிளாஸ்டிக் பலகைகள் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கின. இருக்கைக்குள் இருந்த ஃபோம் மாவாக உதிர்ந்தது. எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் லைசென்ஸ் பெற்ற பராமரிப்பு இன்ஜினியர் தானே நின்று எல்லாவற்றையும் கழற்றினார். கழற்றிய ஒவ்வொன்றையும் தராசில் வைத்து எழுதிக்கொண்டார். மொத்தம் 38 கிலோ. இருக்கைகளையும் பலகைகளையும் வேனில் ஏற்றும்போது அவர் சொன்னது இது: "எந்த ரோலில் இருந்து துணி வெட்டுகிறார்களோ, அந்த ரோலுக்கே தீச்சோதனைச் சான்று வேண்டும். அதை எனக்கு அனுப்புங்கள். நான் சரி என்று சொன்ன பிறகு கத்தரி வைக்கச் சொல்லுங்கள்."

கடை பைபாஸ் ஓரத்தில் இருக்கிறது. பஸ் சீட், லாரி கேபின், கார் சீட் கவர் எல்லாம் செய்வார்கள். சங்ககிரியில் இருந்தும் நாமக்கல்லில் இருந்தும் வண்டிகள் வரிசையில் நிற்கும். என் ஜீப்புக்கு அவர்தான் சீட் தைத்தார். அந்த ஜீப் ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஏறி இறங்குகிறது. பனியிலும் மழையிலும் இன்றுவரை ஒரு தையல் பிரியவில்லை. அந்த நம்பிக்கையில்தான் போனேன். விஷயத்தைச் சொன்னதும் செல்போனில் ஒரு ஹெலிகாப்டரின் உட்புறப் படங்களைக் காட்டி, "இதெல்லாம் நம்ம வேலைதானுங்க சார்" என்றார். அது ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் விளம்பரப் படம் என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்குத் தெரியாது.

சாதாரண ரெக்சினில் செய்தால் 90,000 ரூபாய், விமானத்துக்கான துணியும் ஃபோமும் பெங்களூரில் இருந்து வரவழைத்து சான்றோடு செய்தால் 2,85,000 ரூபாய் என்றார். இரண்டாவதற்கு ஒப்புக்கொண்டு 1,50,000 முன்பணம் கொடுத்தேன். பத்து நாளில் வாட்ஸ்அப்பில் சான்று வந்தது. அதை நான் உடனே இன்ஜினியருக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்துத்தான் அனுப்பினேன். அவர் பார்த்த மாத்திரத்தில் கூப்பிட்டார். சான்று சாம்பல் நிறத் துணிக்கு, உங்களுடையது க்ரீம் நிற ரெக்சின், ரோல் எண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை மை தடவி நகல் எடுத்திருக்கிறார்கள் என்றார். கடையில் கேட்டபோது வந்த பதில்: "எல்லாம் ஒரே மெட்டீரியல்தானுங்க. வெட்டித் தைச்சே முடிச்சாச்சு."

அங்கேயே வேலையை நிறுத்தியிருக்கலாம். முடிந்ததை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். ஆட்கள் வந்து இரண்டு நாளில் பொருத்தினார்கள். அப்போது இன்ஜினியருக்கு வேறொரு விமானத்தில் வேலை, பக்கத்தில் நிற்க முடியவில்லை. பார்வைக்கு மிக அழகாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். க்ரீம் ரெக்சினில் மெரூன் பைப்பிங், தையல் நூல் பிடித்தது போல நேராக. மச்சான் கதவைத் திறந்துவிட்டு அப்படியே நின்றார். மீதிப் பணத்தில் 1,00,000 அன்றே கொடுத்துவிட்டோம்.

மறுநாள் இன்ஜினியர் வந்து இடது இருக்கையில் உட்கார்ந்து, பூட்டிவிட்டு, இரண்டு காலையும் பெடலில் ஊன்றி முதுகால் தள்ளினார். இருக்கை சரக்கென்று பின்னால் ஓடியது. தண்டவாளம் மாதிரி ஒரு கம்பியில்தான் இந்த இருக்கை நகரும். கம்பியில் உள்ள துளைக்குள் ஒரு பூட்டு ஊசி முழுதாக இறங்கினால்தான் பூட்டு. இவர்கள் கார்பெட்டை அந்தக் கம்பியின் விளிம்புவரை இழுத்து ஒட்டியிருந்தார்கள். அந்த ஊசி பாதிதான் இறங்கியிருந்தது. இந்த விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: விமானம் ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கைத் தூக்கும் நேரத்தில் இருக்கை பின்னால் போனால், கையில் பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டே விமானி பின்னால் போவார். மூக்கு இன்னும் மேலே ஏறும், இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். அந்த உயரத்தில் திருத்திக்கொள்ள நேரம் கிடையாது. செஸ்னா விமானங்களில் இப்படி விபத்துகள் நடந்து, இருக்கைக் கம்பியையும் பூட்டு ஊசியையும் கட்டாயம் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானத் துறை 1987இலேயே உத்தரவு போட்டிருக்கிறது.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சீட் பெல்ட்டில் தரக்குறியீடும் தேதியும் உள்ள சிறு துணிச்சீட்டு தைத்திருக்கும். "பழசா அசிங்கமா இருந்துச்சுங்க" என்று அதை வெட்டி எறிந்திருந்தார்கள். போதாததற்கு ஒரு பெல்ட்டைப் பிரித்து, நீளம் குறைத்து, சாதாரண நைலான் நூலில் மறுபடி தைத்திருந்தார்கள். சீட்டு போன பெல்ட்டை எந்த இன்ஜினியரும் ஏற்க மாட்டார். நான்கையும் புதிதாக வாங்கவேண்டியதாயிற்று. சத்தம் குறையட்டும் என்று கார் கதவுக்குள் ஒட்டும் தார் ஷீட்டைத் தரையிலும் பக்கங்களிலும் ஒட்டியிருந்தார்கள். அடிப்பக்கத்தில் தண்ணீர் வடியும் துளைகள் அதில் அடைந்துவிட்டன. அலுமினியத் தகட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவில் ஈரம் தங்கினால் தகடு உள்ளுக்குள்ளேயே அரித்துப்போகும், வெளியே தெரியாது. தரையில் உள்ள சோதனை மூடிகளைத் திறந்துதான் கட்டுப்பாட்டுக் கம்பிவடங்களைப் பார்க்க முடியும். அந்த மூடிகள்மேலும் கார்பெட்டைப் பசைபோட்டு ஒட்டிவிட்டார்கள். வெயில் மறைப்புப் பலகைக்கு உறை தைத்து, மூடிக்கொள்ளக் காந்தப் பட்டன் வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு சாண் தள்ளித்தான் திசைகாட்டி இருக்கிறது. வடக்கு இருபது டிகிரிக்கு மேல் விலகி நின்றது.

எல்லாவற்றையும் மறுபடி கழற்றி எடை போட்டோம். 49 கிலோ. 11 கிலோ கூடுதல். 1,043 கிலோதான் மொத்தமே பறக்கலாம் என்ற விமானத்தில் 11 கிலோ என்பது ஏறக்குறைய 15 லிட்டர் பெட்ரோல். அதாவது அரை மணி நேரப் பறப்பு. இது தெரியாமல் பழைய எடைக் கணக்கை வைத்துக்கொண்டு நான்கு பேரை ஏற்றியிருந்தால்?

துணி விஷயத்தை நானே சோதித்துப் பார்த்தேன். விமானத் துணிகளுக்குக் கடுமையான சோதனை ஒன்று உண்டு. ஒரு அடி நீளத் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழ் விளிம்பில் 12 நொடி தீ காட்ட வேண்டும். தீயை எடுத்த பிறகு 15 நொடிக்குள் தானாக அணைய வேண்டும், எட்டு அங்குலத்துக்கு மேல் கருகக் கூடாது, சொட்டும் துளிகள் 5 நொடிக்குமேல் எரியக் கூடாது. இவ்வளவு பழைய விமானத்துக்குச் சட்டம் கேட்பது இதைவிடக் குறைவுதான். ஆனாலும் இன்ஜினியர் இதைத்தான் கேட்டார். 2,85,000 விலை பேசியவர் வாக்குக் கொடுத்ததும் இதைத்தான். கார் துணிக்கு வேறு சோதனை: படுக்கவைத்து எரிப்பார்கள், நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்குள் எரிந்தால் பாஸ். இரண்டையும் ஒன்று என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

ஏற்காட்டில் வீட்டு முற்றத்தில், காற்று இல்லாத காலைநேரத்தில், வெட்டி மிஞ்சிய துண்டைக் கம்பியில் தொங்கவிட்டுத் தீ வைத்தேன். 12 நொடி காத்திருக்கவே தேவைப்படவில்லை. நான் தீக்குச்சியை எடுத்த பிறகும் உச்சிவரை எரிந்தது. எரியும் துளிகள் கீழே விழுந்து காய்ந்த சில்வர் ஓக் இலையைப் பற்றவைத்தன. ஃபோம் துண்டு இன்னும் மோசம். கரும்புகையோடு கபகபவென்று எரிந்தது. அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் இருக்கும். திறந்த முற்றத்திலேயே நான் பத்தடி தள்ளி நிற்கவேண்டியிருந்தது. அந்தக் கேபினுக்குள் கை நீட்டினால் இரண்டு பக்கக் கதவும் தொடலாம். என் மகளை அதில் உட்காரவைத்துப் பறப்பதாகத்தான் இருந்தேன்.

துண்டின் பின்பக்கத்தில் இருந்த அச்சைக் காட்டி வெளியில் விசாரித்தபோது, பஸ் சீட்டுக்குப் போடும் ரெக்சின் என்றார்கள். மீட்டர் விலையையும் சொன்னார்கள். கணக்குப் போட்டால் 90,000 ரூபாய் வேலைதான் எங்களுக்கு நடந்திருக்கிறது.

தெரியாமல் செய்த தவறுகளை நான் மன்னிப்பேன். கார்பெட், தார் ஷீட், காந்தப் பட்டன் எல்லாம் அறியாமை. அவருக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. பக்கத்தில் ஆள் நிற்காதது எங்கள் தவறு. ஆனால் ரோல் எண்ணின்மேல் வெள்ளை மை தடவியது தெரிந்தே செய்த மோசடி. நேரில் கேட்டபோது, "ஆகாயத்துல யாரு சார் நெருப்பு வைக்கப் போறாங்க?" என்றார். பின்பு 40,000 திருப்பிக் கொடுத்தார். அதற்குமேல் போன் எடுப்பதில்லை. அளவு பார்த்து வெட்ட உதவும் என்று பத்திரமாக வைக்கச் சொன்ன பழைய உறைகளையும் குப்பையில் போட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை, 1974இன் தையல் அது.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். விமானத்தை வாடகைக்கு விடுகிறீர்களா என்று வக்கீல் முதலில் கேட்டார். வணிக நோக்கம் என்றால் மனு நிற்காதாம். எங்களுடையது சொந்த உபயோகம்.

விமானம் இப்போது வெறும் தகடாக நிற்கிறது. தார் ஷீட்டைச் சுரண்டி எடுக்கவே பதினோரு நாள் ஆனது.

உங்களுக்கு வந்த சான்றும் சாம்பல் நிறத் துணிக்கானதாக, ரோல் எண் கட்டம் வெறுமையாக, மேல் வலது மூலையில் வட்டமான ஒரு கறையோடு இருந்தால், அது எங்களுக்கு வந்த அதே நகல். துணியை வெட்டவிடாதீர்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், மனுவோடு சேர்க்கலாம்.