வீட்டு சர்வர் அமைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை: எங்களிடமிருந்து போனது 68,500 ரூபாய்

நேற்று மாலை முதல் அந்த விற்பனையாளர் என் எண்ணை எடுப்பதில்லை. அனுப்பும் செய்தியும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே பொறுத்தது போதும் என்று எழுதுகிறேன். பழைய கணினிப் பொருள்களைப் புதுப்பித்து விற்பவர்களுக்கான ஓர் இணையச் சந்தையில், "சரிபார்க்கப்பட்டவர்" என்ற பச்சைக் குறியோடு விளம்பரம் கொடுத்திருந்த சமவெளிக் கடைக்காரர் ஒருவர், கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டில் சர்வர் (எல்லோருடைய கோப்புகளையும் ஒரே இடத்தில் வைக்கும் மையக் கணினி) அமைத்துத் தருவதாகச் சொல்லி 68,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆறு மாதத்தில் தானாகவே செத்துப்போகும் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கடையின் பெயரையும் சந்தையின் பெயரையும் இப்போதைக்கு எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான உறவினர் தடுத்திருப்பதால் எழுதவில்லை. இதே போன்ற ஏற்பாட்டைச் செய்ய நினைப்பவர்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்கு கணினிகள் உண்டு. நான் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்குப் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதித் தருகிறேன். கொழுந்தனார் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். பிள்ளைகள் இருவரும் கல்லூரியில் படிக்கிறார்கள். யாருடைய கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. பென்டிரைவைத் தேடுவதிலேயே பாதி நாள் போய்விடும். ஒரே இடத்தில் எல்லாக் கோப்புகளும், ஆளுக்கொரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும், எந்தக் கணினியில் நுழைந்தாலும் அவரவர் கோப்புறை அவரவருக்கு மட்டும் திறக்கும் ஏற்பாடும் இருந்தால் போதும் என்பதே எங்கள் தேவை. அலுவலகங்களில் டொமைன் என்று சொல்லும் அதே முறைதான். வானத்தை வில்லாக வளைக்கும்படி நாங்கள் கேட்கவில்லை.

மே மாத சீசனில், நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி நடந்த வாரத்தில், அவர் இ-பாஸ் எடுத்துக்கொண்டு தம் காரிலேயே மலையேறி வந்தார். பகல் முழுவதும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்த்தார். மதியச் சாப்பாடும் இங்கேதான். மாலையில் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு, கூடத்தில் இருந்த கணினியில் என் மகளின் பெயரைக் கொடுத்து நுழைந்து, ஒரு கோப்பைச் சேமித்து வெளியேறினார். பிறகு மாடியில் இருந்த மடிக்கணினியை எடுத்துவரச் சொல்லி, அதிலும் அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். திரையில் அதே பின்னணிப் படம், அதே கோப்பு, எல்லாம் அப்படியே வந்து நின்றன. என் பெயரில் நுழைந்து மகளின் கோப்புறையைத் திறக்கப் பார்த்தபோது அனுமதி மறுக்கப்பட்டது. "அக்கா, இனி உங்க வீட்ல எந்த மெஷின்ல உட்கார்ந்தாலும் உங்க ஃபைல் உங்களுக்குத் தயாரா இருக்குங்க. ஒரு டிஸ்க் போனாலும் இன்னொண்ணு காப்பாத்திரும்ங்க. எட்டு டிபி இடம், ஆயுசுக்கும் போதும்" என்றார். கண்ணெதிரே வேலை செய்து காட்டும் ஒருவரை யார்தான் சந்தேகிப்பார்கள்? முன்பணமாக அனுப்பியிருந்த 20,000 போக மீதி 48,500 ரூபாயை அங்கேயே யுபிஐ மூலம் அனுப்பினோம். பெட்டிக்கு 41,000, இரண்டு டிஸ்குகளுக்கு 15,500, "ஒரிஜினல் சர்வர் லைசென்ஸ்" 12,000 என்று எழுதி ஒரு சீட்டு கொடுத்தார். பில் அடுத்த வாரம் கூரியரில் வரும் என்றார். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

நவம்பரில், வடகிழக்கு மழை கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், சர்வர் திடீரென்று அணையத் தொடங்கியது. நாங்கள் மறுபடி போடுவோம், மறுபடி அணையும். மழைக்காலத்தில் இங்கே மரம் விழுந்து மின்கம்பி அறுவது வழக்கம் என்பதால், கடைக்காரர் சொன்னதை முதலில் நம்பினோம். "மலையில கரண்ட் சரியில்லைங்க்கா, நல்ல யுபிஎஸ் போடுங்க" என்றார். 9,200 ரூபாய்க்கு யுபிஎஸ் வாங்கினோம். அப்போதும் அணைந்தது. அடுத்து, பனிமூட்டத்தின் ஈரம் உள்ளே இறங்கியிருக்கும், ஹீட்டர் பக்கத்தில் வையுங்கள் என்றார். அதற்கடுத்து, பிள்ளைகள் எதையோ நோண்டியிருப்பார்கள் என்றார். நீலகிரியின் மின்சாரம், மழை, பனி, கடைசியில் என் பிள்ளைகள் என்று எல்லார்மேலும் பழி விழுந்தது. அவர் வைத்துவிட்டுப் போன பெட்டியின்மேல் மட்டும் விழவில்லை.

குன்னூரில் இருந்து வந்த, நெட்வொர்க் வேலை தெரிந்த நண்பர் ஒருவர், சரியாக மணிக்கொரு முறைதான் அணைகிறது என்பதைக் கவனித்த உடனேயே சிரித்துவிட்டார். விண்டோஸ் சர்வரை வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்க 180 நாட்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் எவால்யுவேஷன் பதிப்பு ஒன்று உண்டு. கெடு முடிந்த பிறகு அது தன்னைத்தானே மணிக்கொரு முறை அணைத்துக்கொள்ளும். சர்வரின் நிகழ்வுப் பதிவேட்டிலும், உரிமக் காலம் முடிந்ததால் அணைக்கப்படுகிறது என்றே எழுதியிருந்தது. எவரும் விலையில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றை "ஒரிஜினல் லைசென்ஸ்" என்று சொல்லி எங்களிடம் 12,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார். மே மாதத்திலிருந்து 180 நாட்களை எண்ணிப் பாருங்கள், நவம்பரில் வந்து நிற்கும். மழையுமில்லை, மின்சாரமுமில்லை.

இதைச் சொல்லிக் கேட்டபோது அவர் சற்றும் கூசவில்லை. "லைசென்ஸ் முடிஞ்சிருச்சுங்க்கா, 22,000 அனுப்புங்க, இங்கிருந்தே கீ போட்டு விட்டுடறேன்" என்றார். டொமைனை நடத்தும் சர்வரில் இருக்கும் சோதனைப் பதிப்பை வெறும் கீ (உரிமக் குறியீடு) போட்டு முழுப் பதிப்பாக மாற்ற முடியாது என்பதையும், உரிமம் உள்ள வேறொரு சர்வரை அமைத்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்பதையும் நண்பர் விளக்கினார். ஆக, அந்த 22,000 ரூபாயையும் அனுப்பியிருந்தால் அதுவும் சேர்ந்து போயிருக்கும். இன்னொன்றும் சொன்னார், அதுதான் வயிற்றெரிச்சலைக் கூட்டியது: 2012 டிசம்பரில் வெளியான நான்காம் பதிப்பிலிருந்தே, சாம்பா என்ற இலவச மென்பொருள், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் இதே டொமைன் வேலையைச் செய்கிறதாம். எங்கள் வீட்டுத் தேவைக்கு அந்த உரிமமே அவசியப்பட்டிருக்காது.

பாதி கதைதான் இது. ஒரு டிஸ்க் டக்டக்கென்று சத்தம் போட்டு நின்றது. ஒன்று போனாலும் மற்றொன்று காப்பாற்றும் என்றாரே, எதுவும் காப்பாற்றவில்லை. நான்கு டிபி (டெராபைட்) டிஸ்குகள் இரண்டை ஒன்றுக்கொன்று நகலாக வைத்தால் கிடைக்கும் இடம் நான்கு டிபிதான். கணக்கிடும் முறை வேறு என்பதால் விண்டோஸ் அதை 3.6 என்று காட்டும். எங்கள் சர்வர் 7.2 என்று காட்டியது. அதாவது, நகல் எடுக்காமல் ஒவ்வொரு கோப்பையும் துண்டாக்கி இரண்டு டிஸ்குகளிலும் பரப்பி வைத்திருக்கிறார். ஒன்று போனால் இரண்டும் போன மாதிரி. எட்டு டிபி இடம், ஒன்று போனாலும் கவலையில்லை என்ற இரண்டு வாக்குறுதிகளும் ஒரே பெட்டிக்குள் இருக்கவே முடியாது. பிழைத்த டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவைப் பார்த்தால், அது 41,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. நாலரை ஆண்டு உழைப்பு. உறையில் "புதியது" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

தேயிலைக் கணக்கை எடைச் சீட்டுகளை வைத்து மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். கொழுந்தனாரின் மூன்று கல்யாண ஆல்பங்களுக்கான மூலப்படங்கள் போய்விட்டன. மெமரி கார்டுகளை அவர் ஏற்கெனவே அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார். ஆல்பத்துக்கு முன்பணம் கொடுத்தவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இணையச் சந்தையில் புகார் கொடுத்தேன். பணம் எங்கள் தளத்தின் வழியாகச் செலுத்தப்படவில்லை, ஆகவே இது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலான விவகாரம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. அப்படியானால் அந்தப் பச்சைக் குறி எதைச் சரிபார்த்துக் கொடுத்தது என்று கேட்டேன். புகார் முடித்துவைக்கப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. மறுபடி கேட்டேன். எங்கள் சேவையை எத்தனை நட்சத்திரத்தால் மதிப்பிடுவீர்கள் என்று கேட்டு இன்னொன்று வந்தது. 68,500 ரூபாயை இழந்த ஒருத்தியிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

ஆலோசனை சொல்கிறேன் என்று தொடங்கினேன். விரிவாக எழுதும் நிதானம் இப்போது இல்லை. ஜிஎஸ்டி எண்ணுள்ள பில் கைக்கு வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதை உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் சர்வர் என்றால் திரையின் வலது கீழ் மூலையில் எவால்யுவேஷன் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் பெட்டியோடு திரையே வரவில்லை. டிஸ்குகள் நகல் முறையில் இருந்தாலும் தனியாக இன்னொரு பிரதி எடுத்து வையுங்கள். ஏமாந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. நான் திங்கட்கிழமை ஊட்டிக்குப் போய் மாவட்ட ஆணையத்தில் மனுக் கொடுக்கிறேன்.

அந்த விளம்பரம் இன்று காலையிலும் அதே சந்தையில், வேறொரு கடைப் பெயரில், அதே பச்சைக் குறியோடு இருக்கிறது. விலை 64,000 ரூபாய் என்று குறைத்திருக்கிறார். "நீலகிரியில் நாங்கள் அமைத்தது" என்ற வாசகத்தோடு அவர் போட்டிருக்கும் படத்தில் இருப்பது எங்கள் வீட்டுக் கூடம். யாராவது அதைப் பார்த்துவிட்டு நம்பி முன்பணம் அனுப்பியிருந்தால், மீதியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.