அட்டையை வெட்டிக் கொடுக்கும் மெடிக்கல்: 5-க்கு 2

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் மெடிக்கலைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம், அங்கே நிற்கும் பையன்கள் பிழைப்பில் மண் அள்ளிப் போட மனசில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரவு 11 மணி வரை ஷட்டர் இறங்காது. சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைத் திணிக்க மாட்டார்கள். அப்பாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துபோனால் மறுநாளே வரவழைத்துத் தருவார்கள்.

போன மாதம் ஒரு ராத்திரி என் மனைவிக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. அப்போது அவள் 11 வாரக் கர்ப்பம். நான் ஓடிப்போய், "பல்வலிக்கு ஒண்ணு குடு தம்பி" என்றேன். அட்டையிலிருந்து 4 மாத்திரையைக் கத்தரியால் நறுக்கிக் காகித உறையில் போட்டு, "சாப்பிட்டுட்டுப் போடுங்கண்ணா" என்று கொடுத்தான். யாருக்கு என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பாதித் தப்பு என்னுடையது, சரி.

மறுநாள் செக்கப்பில் டாக்டரம்மா என்ன மாத்திரை என்று கேட்டார். வெட்டின துண்டில் பெயரின் வால் மட்டும்தான் இருந்தது. வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்: ஐபுப்ரோஃபனும் பாராசிட்டமாலும் கலந்தது. "ரெண்டோட நிறுத்திட்டீங்கல்ல, பயப்பட வேண்டாம். இனிமே இது ஆகாது. தாங்க முடியலைன்னா பாராசிட்டமால் மட்டும், கொஞ்ச நாளைக்கு, அதுவும் என்னைக் கேட்டுட்டு" என்றார்.

அன்றிரவு தூக்கம் வராமல், இந்த மருந்துகள் வயிற்றுக் குழந்தையை என்ன செய்யும் என்று தேடிப் படித்தேன். ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு எப்படி அமையும் என்பது பெரும்பாலும் 8 முதல் 14 வாரத்துக்குள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனால் முடிவாகிவிடுகிறதாம். எங்கள் 11 அதற்கு நட்டநடுவில். 2015-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், மனிதக் கருவின் விந்தகத் திசுவைச் சுண்டெலிகளுக்குள் பதித்து பாராசிட்டமால் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 7 நாள் கொடுத்தபோது டெஸ்டோஸ்டிரோன் 45 சதவீதம் குறைந்தது; ஒரே நாள் கொடுத்தபோது மாற்றமில்லை. அந்த 'ஒரே நாள்' என்ற இடத்தை நாலு தடவை படித்தேன்.

பெண் குழந்தை என்றாலும் விஷயம் இருக்கிறது. வாழ்நாள் முழுவதற்குமான கருமுட்டைக் கணக்கு அம்மா வயிற்றிலேயே தொடங்கிவிடுகிறது. 2018-ல் அதே ஊர் ஆய்வுக்கூடத்தில் கருவின் சூலகத் திசுவை ஒரு வாரம் மருந்தில் வைத்தபோது, முட்டையாக வேண்டிய செல்கள் பாராசிட்டமாலில் 40 சதவீதத்துக்கு மேலும், ஐபுப்ரோஃபனில் ஏறக்குறைய பாதியும் குறைந்தன. அது ஆய்வுக்கூடத் தட்டில் நடந்தது. வயிற்றுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று அர்த்தமில்லை.

டென்மார்க்கில் தாய்மார்களிடம் கேட்டு நடத்திய ஆய்வில், ஒரே சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வலிமருந்து எடுத்தவர்களின் ஆண் பிள்ளைகளுக்கு விந்தகம் விதைப்பைக்குள் இறங்காமல் போவது கூடுதலாக இருந்தது. பின்லாந்தில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. காய்ச்சலையும் வலியையும் வெறுமனே பொறுத்துக்கொள்வதும் நல்லதல்ல என்பதால், கர்ப்பிணிக்கு இன்றும் பாராசிட்டமால்தான் முதலில் சொல்லப்படுகிறது. ஐபுப்ரோஃபன் வகையோ, 20 வாரத்துக்கு மேல் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம் என்று அமெரிக்க மருந்துத் துறை 2020-லேயே எச்சரித்திருக்கிறது.

என் கோபமெல்லாம் அந்தக் கத்தரி மேல்தான். ஒரே மாத்திரையில் இரண்டு வலிமருந்து இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? வெட்டுகிறவன் பெயர் இருக்கும் பக்கத்தையாவது விட்டு வெட்டலாமே!

மறுவாரம் போய்ச் சொன்னேன். "ஆம்பளை வந்து கேட்டா மாசமான்னு எப்படிண்ணா கேக்குறது?" என்றான் தம்பி. நியாயமாகத்தான் பட்டது. "யாருக்குன்னு மட்டும் கேளு, போதும்" என்றேன். தலையாட்டினான். நேற்று இருமல் மருந்து வாங்கும்போது கேட்கவில்லை, அதனால்தான் 2.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஜிபே உண்டு.