வீட்டுப் பக்கம் சாய்ந்த நடைபாதையை நிமிர்த்திய வேலை: ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டின் பக்கவாட்டில் உள்ள கான்கிரீட் நடைபாதை, மழைநீரை வெளியே தள்ளாமல் சுவரோரம் கொண்டுவந்து தேக்கிக்கொண்டிருந்தது. உட்சுவரில் ஓதம் முழங்கால் உயரத்துக்கு ஏறிய பிறகுதான், தளத்தை உடைக்காமலே தூக்கித் தரும் ஒரு நிறுவனத்தை அழைத்தேன்.

வந்தவர்கள் முதலில் தண்ணீர் நிரப்பிய டியூப்பைக் கொண்டு மட்டம் பிடித்தார்கள். 1.2 மீட்டர் அகலத்தில் சுவர்ப் பக்கம் 20 மி.மீ. தாழ்ந்திருந்தது; வெளிப்புறமாக 2 சதவீத வாட்டம் (சரிவு) கிடைக்க அதே பக்கம் 24 மி.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஆக, 44 மி.மீ. தூக்கியாக வேண்டும். அவ்வளவு உயர்த்தினாலும் அஸ்திவாரத்தின் மேலுள்ள ஓதத்தடுப்பு அடுக்குக்குப் போதிய அளவு கீழேயே தளம் நிற்கும் என்பதை, நான் கேட்காமலே மேற்பார்வையாளர் அளந்து காட்டியது எனக்குப் பிடித்திருந்தது. முன்னர் வந்த கொத்தனார் ஒருவர் மேலே கலவை பூசி வாட்டத்தைத் திருப்பிவிடலாம் என்றிருந்தார். வெளி ஓரத்தில் தாள் போல மெலிந்து முடியும் அத்தகைய பூச்சு பெயராமல் நிற்பது கடினம், அஸ்திவாரக் குழியில் சரியாகத் திமிசு போட்டு இறுக்காமல் நிரப்பிய மண் இறங்கியதால் அடியில் உண்டான வெற்றிடமும் அப்படியே இருக்கும்.

வேலை அரை நாளில் முடிந்தது. விரல் நுழையுமளவு துளைகளிட்டு, அவற்றின் வழியே, அடியில் விரிந்து தளத்தைத் தூக்கும் பாலியூரித்தேன் நுரையைச் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். ஒரே துளையில் அவசரப்பட்டுச் செலுத்தினால் தளம் விரிசல் விட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு துளைக்கும் மாறி மாறிச் சென்று, இடையிடையே மட்டம் பார்த்த அவர்களின் பொறுமை பாராட்டத்தக்கது. விளிம்பில் ஒட்டியிருந்த மண் பொலபொலவென்று உதிர, தளம் மயிரிழை மயிரிழையாக எழுந்ததைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் தளத்தில் ஒரேயொரு விரிசல்தான் இருந்தது; துண்டு துண்டாக உடைந்துபோன தளமாயின், பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போடுவதே சரி.

குறைகளும் உண்டு. தளத்துக்கும் சுவருக்கும் இடையிலான இடைவெளியைச் சீலன்ட் எனும் அடைப்புப் பசை கொண்டு அடைப்பதும் ஒப்பந்தத்தில் அடங்கும். ஆனால் உள்ளே நுரைக்கயிறு (சீலன்டுக்கு அடியில் இடைவெளியை நிரப்பும் கயிறு போன்ற நுரை) வைக்காமல் மேலோட்டமாக இழுத்துவிட்டுப் போனதால், சில வாரங்களிலேயே அது சுவரை விட்டு விலகியது. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் அதே மூலையில்தான் கொட்டுகிறது என்பதையும் யாரும் கவனிக்கவில்லை. குழாயை நானே நீட்டி வெளியே விட்டேன். சீலன்டை மறுபடி போட்டுத் தர மூன்று முறை தொலைபேசியில் அழைக்க வேண்டியிருந்தது.