டிவிடி டிரைவ் இருந்த குழியில் ஒரு கேடி

என் லேப்டாப்புக்கு வயது பத்துக்கு மேல். உள்ளே 120 ஜிபி எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம், அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளம். பிள்ளைகளுக்குப் பாட வீடியோ வெட்டி ஒட்டியே, என் கோப்புகள் எல்லாம் இருக்கும் ஹோம் டைரக்டரி பிதுங்கிவிட்டது. டிவிடி போட்டு எத்தனையோ வருஷமாச்சு. சரி, அந்த டிரைவைக் கழற்றிவிட்டு, அதே குழியில் 1 டிபி ஹார்டு டிஸ்கை உட்காரவைக்கும் கேடி (caddy) என்ற சட்டம் ஒன்றை 380 ரூபாய்க்கு வாங்கினேன். பெட்டியில் பிராண்டு பெயரே இல்லை. பெயர்தான் கேடி என்று நினைத்தேன். ஆளும் கொஞ்சம் கேடிதான்.

வாங்குமுன் பழைய டிரைவின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். 12.7 மிமீ, 9.5 மிமீ என்று இரண்டு வகை உண்டு. நான் தடியானதை வாங்கி, நுழையாமல் திருப்பிக் கொடுத்தேன். மாட்டுவது சுலபம்: அடியில் ஒரே ஒரு ஸ்க்ரூ, அதை எடுத்தால் டிவிடி டிரைவ் இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். அதன் முகப்புப் பட்டையைப் பெயர்த்து கேடியில் பொருத்துவதற்குள்தான் என் கட்டைவிரல் நகம் போனது. டிஸ்க் உள்ளே லொடலொடத்தது. கூட வந்த ஸ்பாஞ்சு போதாமல், மாத்திரைப் பெட்டி அட்டையைக் கத்தரித்துச் சொருகினேன்.

ஹோமைப் புது டிஸ்குக்கு மாற்றும்போது நாமே அதற்குள் உட்கார்ந்திருக்கக் கூடாது. அதனால் பென் டிரைவிலிருந்தே ஓடும் லைவ் மின்ட்டை ஏற்றி, ஹோமில் இருந்த 84 ஜிபியையும் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளையால் நகலெடுத்தேன். எந்த டிஸ்கை எங்கே பொருத்துவது என்று லினக்ஸுக்குச் சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்கின் யூயூஐடியை, அதாவது அதற்கே உரிய அடையாள எண்ணை, எழுதினேன். டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்ப முடியாது, இடம் மாறிக்கொள்ளும்.

ரீஸ்டார்ட் செய்தேன். எல்லாம் இருந்தது, வால்பேப்பர் உட்பட. ஆனால் எஸ்எஸ்டி இன்னும் 94 சதவீதம் நிறைந்திருப்பதாகவே காட்டியது! அரை மணி நேரம் கேடியைத் திட்டினேன், பாவம். புது டிஸ்க் ஹோமின் மேல் பாய் விரித்த மாதிரி படுத்துக்கொண்டது. பாய்க்கு அடியில் பழைய 84 ஜிபி அப்படியே கிடந்தது. நகல் முடிந்த கையோடு பழைய ஹோமுக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, அதே இடத்தில் காலி ஹோம் ஒன்றை உண்டாக்கியிருக்க வேண்டும். மறுபடி லைவ் மின்ட், பெயர் மாற்றம், ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் அழிப்பு.

1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றுதான் தெரியும். அது ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதற்கும் 1024 ஆக எண்ணுவதற்கும் உள்ள கணக்கு வித்தியாசம். அதிலும் 5 சதவீதத்தை, அதாவது 46 ஜிபி போல, இஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை ரூட் என்னும் நிர்வாகிக் கணக்குக்கென்று ஒதுக்கிவைக்கிறது. ஹோம் மட்டும் இருக்கும் டிஸ்கில் அது எதற்கு? டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளை கொண்டு அந்த ஒதுக்கீட்டைச் சுழியமாக்கிவிட்டேன்.

போன மாதம் பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். இறங்கி ஆன் செய்தால், டிஸ்கைத் தேடி 1 நிமிடம் 30 வினாடி எண்ணிவிட்டு எமர்ஜென்சி மோடு, அதாவது கட்டளை மட்டும் தட்டக்கூடிய கறுப்புத் திரை. வயிற்றைப் பிசைந்தது. கேடியை வெளியே இழுத்து, டிஸ்கை கனெக்டரோடு அழுத்தி, இன்னொரு அட்டை சொருகியதும் உயிர் வந்தது. எஃப்எஸ்டேபில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் பூட் ஆகும்தான். ஹோமே இல்லாமல் உள்ளே போய் நான் என்ன செய்ய?

மேசையை விட்டு நகராத லேப்டாப் என்றால் கேடிக்கு 5க்கு 4 மதிப்பெண். பையில் போட்டு அலைகிறவர்களுக்கு 2.