பார்க்கவும் வரையவும் ஒரு பருவம்

சென்னையில் நான் படிக்கும் கல்லூரியில், ஓவியத்தை முதன்மைப் பாடமாக எடுக்காதவர்களுக்கென்று காண்கலை அறிமுகம் என்ற விருப்பப்பாடம் நடத்தப்படுகிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ரசனை வகுப்பு, இரண்டு மணி நேரம் செய்முறை. வணிகவியல் மாணவனான நான் சென்ற பருவத்தில் அதை முடித்தேன். எடுக்கலாமா என்று கேட்கும் இளைய மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் செய்முறை வகுப்பில் ஆசிரியை ஒரு பித்தளைச் சொம்பை மேசைமேல் வைத்து, தாளைப் பார்க்காமல், சொம்பின் விளிம்பில் கண் நகரும் வேகத்திலேயே பென்சிலும் நகரட்டும் என்றார். தாளில் வந்தது சொம்பு போலவே இல்லை. ஆனால் கழுத்து ஒடுங்கி வாய் விரியும் இடத்தை, அன்றாடம் தண்ணீர் மொண்டும், அன்றுதான் கவனித்தேன். மறுவாரம் சொம்பை வரையாமல், அதைச் சுற்றியிருக்கும் வெற்றிடத்தை மட்டும் கரியால் நிரப்பச் சொன்னார். நிரப்பி முடித்ததும் நடுவே சொம்பு வெள்ளையாக நின்றது.

இந்தப் பயிற்சியின் அருமை எழும்பூர் அருங்காட்சியகத்தில் விளங்கியது. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் செப்புத்திருமேனியின் முன் அமர்ந்து வரைந்தபோது, சிவனின் பக்கம் இரண்டு கைகளும் உமையின் பக்கம் ஒரே கையும் இருப்பதையும், ஓர் உடலுக்குள்ளேயே இடுப்பின் கோடு இரு பக்கமும் வெவ்வேறாக இறங்குவதையும் கண்டேன். பெயர்ப்பலகையை வாசித்துவிட்டு நகர்ந்திருந்தால் இரண்டுமே கண்ணில் பட்டிருக்காது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன்மேல் மண் பூசி, சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பார்கள் என்றும், அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டியிருப்பதால் ஓர் அச்சுக்கு ஒரே சிலைதான் என்றும் ஆசிரியை அங்கேயே விளக்கினார். கரியால் வெற்றிடத்தை நிரப்பிய வகுப்பு அப்போது என் நினைவுக்கு வந்தது.

ரசனை வகுப்பு இந்த உயரத்தை எட்டவில்லை. ஐரோப்பிய ஓவிய வரலாறு மட்டுமே படக்காட்சிகளாகப் பல வாரங்கள் ஓடியது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966இல் உருவான சோழமண்டலம் கலைஞர் கிராமத்துக்கு ஒரே ஒரு படம்தான். மாமல்லபுரத்துக்கு நாங்கள் சென்ற பேருந்து ஈஞ்சம்பாக்கத்தில் அதன் வாசலைக் கடந்துதான் போனது, நிற்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது. நம் ஊர்க் கலைஞர்கள் நவீன ஓவியத்தில் தமக்கென ஒரு வழி தேடிய இடத்தை, நம் ஊர் மாணவர்கள் சன்னல் வழியே பார்த்துக் கடந்துபோகக் கூடாது.

நீர்வண்ணத்துக்கு இரண்டு மணி நேரம் போதவில்லை. முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்ததைப் பூச வேண்டியிருந்ததால் வண்ணங்கள் கலங்கிச் சேறாயின. மதிப்பெண்ணில் பெரும்பங்கு ஆண்டுகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்து எழுதும் தேர்வுக்குப் போகிறது; பருவம் முழுவதும் வரைந்து நிரப்பிய ஓவிய ஏட்டுக்குக் கிடைப்பது சொற்பம்.

இத்தனைக்குப் பிறகும், செய்முறை வகுப்புக்காகவே இதைத் தயங்காமல் எடுக்கச் சொல்வேன். சேருகிறவர்கள் 4பி பென்சிலும் கெட்டி அட்டை போட்ட ஏடும் வாங்கிக்கொள்ளுங்கள். எழும்பூருக்கு வகுப்போடு ஒரு முறை போனால் போதாது, தனியாகவும் போங்கள். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. சோழமண்டலத்துக்கு நீங்களே ஒருநாள் பேருந்து ஏறிவிடுங்கள்.