ஸ்பெஷலிஸ்ட் ஆக கோலாலம்பூரா, பினாங்கா?

ஹவுஸ்மேன் காலம், அதாவது டாக்டர் பட்டம் வாங்கியதும் செய்யும் கட்டாயப் பயிற்சி, முடியப் போகிறது என்றாலே நம் வீடுகளில் பேச்சு ஆரம்பித்துவிடும். அடுத்து எங்கே போவது, கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையில் மாஸ்டர்ஸ் (ஸ்பெஷலிஸ்ட் ஆவதற்கான முதுநிலைப் பட்டம்) செய்தால்தான் மதிப்பா, பினாங்கு பொது மருத்துவமனையிலேயே இருந்துகொண்டு எம்ஆர்சிபி (பிரிட்டிஷ் ராயல் காலேஜ்களின் பொது மருத்துவத் தேர்வு) எழுதினால் பின்தங்கிவிடுவோமா. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், துறையைப் பாருங்கள். பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் என்றால் பினாங்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல, சில விஷயங்களில் மேல் என்றே சொல்வேன். அறுவை சிகிச்சை என்றால் கோலாலம்பூர்தான்.

பெற்றோர்கள் பலர் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பினாங்கு பெரிய மருத்துவ நகரம், இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானம் ஏறி நோயாளிகள் வருகிறார்கள், அட்வென்டிஸ்ட், ஐலண்ட், லாம் வா ஈ என்று இத்தனை தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றனவே, அங்கேயே பயிற்சி எடுக்கலாமே என்று கேட்கிறார்கள். தனியாரில் ஸ்பெஷலிஸ்ட் தானே நோயாளியைப் பார்ப்பார், தானே ஆபரேஷன் செய்வார், நோயாளி காசு கொடுப்பது அதற்காகத்தான். அங்கே இரவு டியூட்டி பார்க்கும் டாக்டருக்குச் சம்பளம் உண்டு, ஆனால் ஸ்பெஷலிஸ்ட் பயிற்சிக் கணக்கில் அது பெரும்பாலும் சேராது. பினாங்கில் பயிற்சி என்றால் ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் அந்தப் பழைய அரசாங்க ஆஸ்பத்திரிதான், அதோடு அக்கரையில் செபராங் ஜெயா.

இன்னொரு குழப்பம் யுஎஸ்எம், அதாவது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். பல்கலைக்கழகம் பினாங்கில் இருப்பதால் அதன் மருத்துவப் பள்ளியும் இங்கேதான் என்று நினைக்கிறார்கள். அது கிளந்தானில், கோத்தா பாரு பக்கத்தில் குபாங் கெரியானில் இருக்கிறது. கெப்பாளா பத்தாஸ் பக்கம் பெர்த்தாமில் யுஎஸ்எம்முக்கு ஒரு மருத்துவ மையம் உண்டு, ஆனால் யுஎஸ்எம் மாஸ்டர்ஸ் என்றால் பெரும்பாலும் கோத்தா பாருவுக்கு மூட்டை கட்ட வேண்டும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கோலாலம்பூரில் மூன்று பெரிய இடங்கள். லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை. அந்த மருத்துவப் பள்ளிக்கு முதல் டீன் பேராசிரியர் டி. ஜே. தனராஜ், 1964ல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். செராஸில் யுகேஎம்மின் (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை, 1997ல் திறந்தது. அதற்கு முன்பு யுகேஎம் மாணவர்கள் எச்கேஎல்லில்தான் (கோலாலம்பூர் மருத்துவமனை) படித்தார்கள். மூன்றாவது அந்த எச்கேஎல், 1870ல் தொடங்கிய ஜாலான் பகாங் ஜிஎச் (பொது மருத்துவமனை). முதல் இரண்டும் பல்கலைக்கழகத்துடையவை, எச்கேஎல் பினாங்கு ஜிஎச் போலச் சுகாதார அமைச்சின் கீழ். வேலையின் தன்மையே இதனால் மாறுகிறது. பல்கலைக்கழக மருத்துவமனையில் உங்கள் கன்சல்டன்ட்தான் (மூத்த ஸ்பெஷலிஸ்ட்) உங்கள் விரிவுரையாளர், உங்கள் ஆய்வேட்டைத் திருத்துபவரும் அவரே, பரீட்சைக்கு முன் உட்கார வைத்துப் பிழிந்து எடுப்பவரும் அவரே. பாடம் நடத்துவது அவர் வேலையின் ஒரு பங்கு. அமைச்சு மருத்துவமனையில் வார்டு நிரம்பி வழியும்போது பாடம் கிடைத்தால் அது அந்த கன்சல்டன்ட்டின் நல்ல மனசு.

அப்படியானால் பினாங்கை ஏன் தூக்கிப் பிடிக்கிறேன்? ஒரு உதாரணம் சொல்கிறேன். இரவு 2 மணி, நுரையீரலைச் சுற்றி நீர் கோத்த நோயாளிக்கு மார்பில் குழாய் போட வேண்டும். பெரிய பல்கலைக்கழக மருத்துவமனையில் ஃபெலோ, சீனியர் மாஸ்டர்ஸ், ஜூனியர் மாஸ்டர்ஸ் என்று அந்தக் குழாய்க்கு ஒரு வரிசையே நிற்கும், சாதாரண எம்ஓ (ஹவுஸ்மேன் முடித்து இன்னும் ஸ்பெஷலிஸ்ட் ஆகாத டாக்டர்) அல்ட்ராசவுண்ட் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருவதோடு சரி. பினாங்கில் வரிசை குட்டை. எம்ஓதான் அல்ட்ராசவுண்டில் இடம் பார்த்து, மரத்துப்போகும் ஊசி போட்டு, விலா எலும்பின் மேல் விளிம்பை ஒட்டிக் குழாயை இறக்குவார், சீனியரான ரெஜிஸ்ட்ரார் பக்கத்தில் நின்று பார்ப்பார். எலும்பின் கீழ் விளிம்பில் ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன, அதனால்தான் மேல் விளிம்பு. புத்தகத்தில் எத்தனை முறை படித்தாலும் கையால் செய்தால்தான் அது நிற்கும்.

அப்புறம் நோயாளிகள். கெடாவிலிருந்தும் பெர்லிஸிலிருந்தும் சிக்கலான கேஸ்கள் பல பினாங்குக்கு அனுப்பப்படுகின்றன. எம்ஆர்சிபியின் கடைசிக் கட்டமான பேசெஸ் தேர்வில் ஐந்து நிலையங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு தேர்வாளர்கள், உடலைப் பரிசோதிக்கும் இடங்களில் முன்னால் உண்மையான நோயாளி. இதய முணுமுணுப்பையும் வீங்கிய மண்ணீரலையும் கண்டுபிடிக்க வார்டில் தினமும் கை வைத்துப் பார்த்துப் பழகியிருக்க வேண்டும். அதற்கு பினாங்கு வார்டுகள் நல்ல இடம். நிபோங் தெபாலிலிருந்து வரும் ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குதுப்பா, காத்துதான் அடைச்சிருக்கு" என்று கேஸ்ட்ரிக் மருந்து கேட்பார், ஈசிஜி எடுத்தால் மாரடைப்பு. நம் மக்களிடம் நீரிழிவு அதிகம், நரம்பு மரத்துப்போனவர்களுக்கு மாரடைப்பு வலியே சரியாகத் தெரியாது. தமிழ் தெரிந்த டாக்டர் அந்த வார்டில் இருப்பது அந்தப் பாட்டிக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் யோசித்துப் பாருங்கள். சீனர்கள் பேசும் ஹொக்கியன் கொஞ்சம் கற்றுக்கொள்ளுங்கள், பினாங்கில் அது இல்லாமல் கஷ்டம்.

பணத்துக்கு வருவோம். மாஸ்டர்ஸ் பொதுவாக 4 ஆண்டு. எச்எல்பி என்ற அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்தால் சம்பளத்தோடு படிக்கலாம், கட்டணத்தைப் பற்றிக் கவலை இல்லை, முடித்ததும் அரசாங்கத்தில் குறிப்பிட்ட காலம் வேலை செய்தாக வேண்டும். ஆனால் இடம் கிடைக்க நுழைவுத் தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்ட வேண்டும், போட்டி கடுமை. 2016 கடைசியில் டாக்டர்களை ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கும் முறை வந்தபோது நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கு இந்தக் கதவு மூடியே கிடந்தது. 26 ஜூலை 2021ல் ஒப்பந்த டாக்டர்கள் நாடு முழுக்க வேலையை விட்டு வெளியே வந்து நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். எம்ஆர்சிபி பக்கம் இடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், பட்டம் வாங்கி 12 மாதம் ஆனதும் முதல் தேர்வு எழுதலாம், அதாவது ஹவுஸ்மேனாக இருக்கும்போதே. ஆனால் கட்டணம் பவுண்டில், சொந்தக் காசு, தோற்றால் மறுபடியும் அதே காசு. பாஸ் செய்த பிறகு கெசட் ஆவதற்கான (அரசாங்கம் ஸ்பெஷலிஸ்ட்டாக அறிவிப்பதற்கான) காலமும் மாஸ்டர்ஸ்காரர்களைவிடப் பொதுவாக நீளம். வீட்டில் கடன் இருக்கும் பிள்ளைகள் இதை முதலில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

அங்கீகாரம் பற்றிய பயம் நியாயமானதுதான். எடின்பரோ ராயல் காலேஜ் வழியாக இதய அறுவை சிகிச்சை படித்து முடித்தவர்களை ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டில் சேர்க்காமல் இழுத்தடித்ததை எல்லாரும் பார்த்தோம். இதய அறுவை டாக்டர்கள் போதாத நாட்டில் பயிற்சி முடித்தவர்களை வாசலில் நிற்க வைத்தது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2024ல் மருத்துவச் சட்டத்தைத் திருத்திய பிறகு பேரலல் பாத்வேக்கு (உள்ளூர் மாஸ்டர்ஸ் இல்லாமல் ராயல் காலேஜ் வழியாக ஸ்பெஷலிஸ்ட் ஆவது) சட்டத்தில் இடம் கிடைத்திருக்கிறது. எம்ஆர்சிபிக்கும் குழந்தை மருத்துவ எம்ஆர்சிபிசிஎச்சுக்கும் அந்தச் சிக்கல் முன்பும் இல்லை.

அறுவை சிகிச்சைக்கு ஏன் கோலாலம்பூர் என்றேன்? ஒரு ஆபரேஷனைப் பக்கத்தில் நின்று பார்ப்பது, பாதி செய்வது, முழுதாகச் செய்வது என்று ஒருவர் உங்களை ஏற்றிவிட வேண்டும், செய்ததையெல்லாம் லாக்புக்கில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நான்கு ஆண்டு கட்டுக்கோப்பான மாஸ்டர்ஸ் இதற்குச் சரியாக அமைகிறது. எலும்பு முறிவுத் துறைக்கு எடின்பரோ வழி இருக்கிறது, பொது அறுவைக்கு மாஸ்டர்ஸ்தான் நேர்வழி. இதயம், சிறுநீரகம் என்று மேலே போக நினைப்பவர்களும் என்றாவது கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்தாக வேண்டியிருக்கும். ஐஜேஎன் (தேசிய இதய நிலையம்), செர்டாங் மருத்துவமனை, எச்கேஎல் எல்லாம் இந்தப் பக்கம்தான்.

எந்த இடமானாலும் விண்ணப்பிக்கும் முன் அங்கே இருக்கும் எம்ஓக்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: உங்கள் துறை கன்சல்டன்ட் இன்னும் எத்தனை நாள் இருப்பார்? இரண்டு ஊரிலும் தனியார் மருத்துவமனை பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. சொல்லிக்கொடுக்கும் ஆள் அங்கே போய்விட்டால் அந்தத் துறையில் மிஞ்சுவது வேலை மட்டும்தான். யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை என்றால், கடந்த இரண்டு ஆண்டில் அங்கிருந்து எத்தனை பேர் பேசெஸ் பாஸ் செய்தார்கள் என்று கேளுங்கள். அதற்குப் பதில் உடனே வரும்.